தண்ணீர் ஊற்றாத மீன் தொட்டி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், தொட்டியில் தண்ணீர் நிரப்பாமலே செடிகளை வேர்விட வைக்கும் 'ட்ரை ஸ்டார்ட்' முறையைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரிக்கு வந்த கேள்விகளே இந்த முறை பக்கத்தைப் பிடித்துக்கொண்டன. பில்டர் சத்தம், வால் அழுகிய கப்பி மீன் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாங்கள் தொடர்மாடியில் நாலாம் மாடியில் இருக்கிறோம். இரண்டடித் தொட்டி ஒன்று வாங்கினேன். அடித்தரை முழுக்கப் பச்சைப் புல் விரித்தது போல வர வேண்டும் என்று ஆசை. நட்ட செடி மறுநாளே மிதந்தது, மிஞ்சியதைப் பாசி மூடிவிட்டது. தண்ணீரே இல்லாமல் நீர்ச்செடி எப்படி வளரும்? முதலிலிருந்து சொல்லுங்கள்.
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: கடையில் சின்னச் சட்டிகளில் நீங்கள் வாங்கும் செடிகளில் பெரும்பாலானவை ஆற்றங்கரையிலும் சதுப்பிலும் பிறந்தவை. மழைக்காலத்தில் மூழ்கிக் கிடக்கும், வெயில் காலத்தில் நீர் வற்றியதும் தலை காட்டும். இரண்டு வாழ்க்கையும் அவற்றுக்குப் பழக்கம். உங்களுக்கு விற்பதற்கு முன் பண்ணைகளில் வளர்ப்பதும் பெரும்பாலும் தண்ணீருக்கு வெளியேதான். ஆகவே நீங்கள் புதிதாக ஒன்றும் செய்யப் போவதில்லை, பண்ணையில் வாழ்ந்த வாழ்க்கையையே இன்னும் சில வாரம் நீட்டிக் கொடுக்கிறீர்கள்.

அதில் என்ன இலாபம் என்றால், காற்றில் காபனீரொட்சைட்டு செடிக்கு இலவசம். காற்றோடு சமநிலையில் இருக்கும் சாதாரணத் தண்ணீரில் ஒரு லீற்றருக்கு அரை மில்லிகிராமைச் சற்றுத் தாண்டித்தான் அந்த வாயு கரைந்திருக்கும். அதுவும் காற்றில் பரவுவதைவிடப் பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் நீரில் பரவும். வேர் இல்லாத குட்டிச் செடியை அந்தப் பஞ்சத்துக்குள் இறக்கினால் அது மிதக்கும், வாடும், வாடிய இலையில் பாசி குடியேறும். உங்களுக்கு நடந்தது அதுதான். வேர் பிடித்த பிறகு தண்ணீர் விடுவோம் என்பதுதான் இந்த முறை. அமெரிக்கரான டொம் பார் இதைத் தொட்டி வளர்ப்பவர்களிடையே பரப்பியவர்.

செய்வது இப்படி. முதலில் தொட்டியை அது நிரந்தரமாக இருக்கப் போகும் இடத்தில் வையுங்கள். இரண்டடித் தொட்டி நிரம்பினால் தண்ணீர் மட்டுமே அறுபது கிலோவுக்கு மேல் வரும். ஈர மண்ணோடு தூக்கினால்கூட அடிக்கண்ணாடி வெடிக்கலாம். வெள்ளவத்தையில் கடல் பக்கம் பார்த்த யன்னல் வேண்டவே வேண்டாம். மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் மாலை வெயில் நேராக விழுந்தால் உள்ளே இருக்கும் செடி அவிந்துவிடும். மண்ணை முன்பக்கம் மூன்று நாலு சென்ரிமீற்றரும் பின்பக்கம் ஏழெட்டும் வருகிற மாதிரிச் சரிவாகப் போடுங்கள். மண்ணின் ஈரம் புட்டு மாவைவிடக் கூட, கஞ்சியைவிடக் குறைவு. முன்கண்ணாடி வழியே பார்த்தால், மண்ணின் மேல்மட்டத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் கீழே நீர்க்கோடு தெரிய வேண்டும். அதற்கு மேல் ஏறினால் முன் மூலையில் குட்டை கட்டும், அது பல வில்லங்கங்களுக்குத் தொடக்கம்.

செடியைச் சட்டியிலிருந்து எடுத்து, பஞ்சையோ ஜெலியையோ நன்றாகக் கழுவி, விரல் நகம் அளவு கொத்துகளாகப் பிரித்துச் சாமணத்தால் நடுங்கள். கொத்துக்குக் கொத்து இரண்டு விரல் இடைவெளி போதும். அந்த வேலை ஒரு மாலைப் பொழுதை விழுங்கும், முதுகும் வலிக்கும். பெரிய கொத்தாக நட்டு முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், சின்னக் கொத்துதான் வேகமாகப் பரவும். பிறகு ஒரு முறை தெளித்து, வாயை மெல்லிய ஒளிபுகும் பிளாஸ்டிக்கால் இறுக்கி மூடி, லைட்டைப் பத்து முதல் பன்னிரண்டு மணித்தியாலம் எரிய விடுங்கள். ஹீற்றர் தேவையில்லை. குளிர்நாட்டுக்காரர் அதற்குச் செலவழிக்கிறார்கள், நமக்குக் கொழும்பே ஹீற்றர். நாலு முதல் எட்டு வாரத்துக்குள் தரை மூடும். எந்தச் செடி என்பதைப் பொறுத்தது அது.

கேள்வி: ஈர மண்ணை மூடி வாரக்கணக்கில் வைத்தால் நுளம்பு வராதா? எங்கள் ஒழுங்கையில் ஏற்கெனவே டெங்கு. மாமி தொட்டியை வெளியே வைக்கச் சொல்கிறார். பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தால் என்ன சொல்வது?
— வாசகர், தெஹிவளை

பதில்: மாமியின் பயம் நியாயமானது. நுளம்பு பெருகுவதைத் தடுக்க 2007ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்த நாடு இது. சிரட்டையில் நின்ற தண்ணீருக்கே கேள்வி கேட்பார்கள்.

ஆனால் சரியாகச் செய்த தொட்டி மாமி நினைக்கிற அளவு ஆபத்தானதல்ல. நுளம்புக் குடம்பிக்கு நீந்தத் திறந்த நீர் வேண்டும். இங்கே நீர் மண்ணுக்குள் இருக்கிறது, மேலே மூடியும் இருக்கிறது. முன் மூலையில் குட்டை கட்டினால் ஒரு பஞ்சால் ஒற்றி எடுத்துவிடுங்கள். காற்றுக்காகத் திறந்தால் ஐந்து பத்து நிமிடத்தில் மறுபடி மூடுங்கள். அதையும் நுளம்பு அலையும் அதிகாலையிலும் மாலையிலும் செய்யாமல் பகல் வேளையில் செய்யுங்கள்.

உண்மையான ஆபத்து தொட்டியில் இல்லை, பக்கத்தில் இருக்கும் வாளியில் இருக்கிறது. குளோரீன் போகட்டும் என்று குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைப்போம், பிறகு மறந்துபோவோம். டெங்கு நுளம்புக்கு அதைவிட நல்ல வீடு கிடைக்காது. முட்டையிலிருந்து நுளம்பாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். அந்த முட்டை நீர்க்கோட்டுக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. ஆகவே வாளியைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். தெளிப்பதற்கு ஒரு சின்னப் போத்தல் தண்ணீர் போதுமே, அதற்கு எதற்கு வாளி?

தொட்டியை வெளியே வைப்பதுதான் இருப்பதிலேயே மோசமான யோசனை. மாமியிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

கேள்வி: ஐயா, நட்டு மூன்றாம் வாரம். மரத்துண்டிலும் மண்ணிலும் வெள்ளையாகப் பஞ்சு போலப் படர்கிறது. காலையும் மாலையும் தவறாமல் தெளிக்கிறேன். லஞ்ச் ஷீட்டால் மூடி ரப்பர் பாண்ட் போட்டிருக்கிறேன். திறந்தே பார்ப்பதில்லை. எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் திரும்பத் தொடங்கவா?
— உயர்தர மாணவர், கொட்டாஞ்சேனை

பதில்: வேண்டாம் தம்பி. அது பூஞ்சணம். மரத்துண்டில் வந்தது பற்றிக் கவலையே வேண்டாம், புது மரத்தில் உள்ள சத்தைத் தின்கிறது, தொட்டி நிரம்பினால் போய்விடும். மண்ணில் வந்ததுதான் செடியை மூடும்.

தெளிப்பதை நிறுத்துங்கள். மூடிய தொட்டியில் ஆவியான நீர் மூடியில் பட்டு மண்ணுக்கே திரும்புகிறது. கண்ணாடியில் பனித்தது போல ஈரம் தெரிந்தால் தெளிக்கத் தேவையில்லை. ஒரு நாளைக்கு ஒரு தடவை ஐந்து பத்து நிமிடம் திறந்து, ஒரு புத்தகத்தால் இரண்டு விசிறு விசிறிக் காற்றை மாற்றி மூடுங்கள். படர்ந்திருப்பதைச் சாமணத்தால் மண்ணோடு கிள்ளி எடுங்கள். மீதி இருக்கும் இடத்தில் பார்மசியில் காயம் கழுவ விற்கும் 3 வீத ஐதரசன் பேரொட்சைட்டை ஒரு துளி வையுங்கள். தொட்டி முழுக்கத் தெளித்துவிடாதீர்கள், மொஸ் வகைச் செடிகள் வெளுத்துப்போகும். அழுகிய இலை கண்ணில் பட்டால் அன்றே எடுங்கள், பூஞ்சணம் அங்கேதான் தொடங்கும்.

கண்ணாடி ஓரத்தில் கரும்பச்சையாக வழவழப்பான படலம் ஒன்று வந்தால் அது வேறு சாமான். நீலப்பச்சைப் பாசி என்பார்கள், உண்மையில் அது பற்றீரியா. நீர்மட்டம் கூடிப்போய்விட்டது என்று அர்த்தம். ஒரு குழாயை விட்டு மூலையிலிருந்து கொஞ்சம் உறிஞ்சி எடுங்கள்.

லஞ்ச் ஷீட் சோற்றுப் பார்சலுக்கு நல்லது. மங்கலாக இருப்பதால் லைட்டின் ஒரு பங்கைத் தடுக்கும். கண்ணாடி போலத் தெளிவான கிளிங் ராப் ஒன்று வாங்குங்கள்.

கேள்வி: நீர்ச்செடிக்கென்றே இறக்குமதியாகும் 'அக்வா சொயில்' மண் விலை கட்டாது. தோட்ட மண், தும்புச்சோறு, கடல் மணல் ஏதாவது பாவிக்கலாமா?
— வாசகர், வத்தளை

பதில்: தும்புச்சோறு வேண்டாம், நிரப்பும் நாளில் பாதி மிதக்கும், மீதி தண்ணீரைத் தேயிலைச் சாயமாக்கும். கடல் மணலில் சிப்பித் தூள் இருக்கும், தண்ணீரைக் கடினமாக்கும். எந்த மணலிலும் கொஞ்சம் வினாகிரி விட்டுப் பாருங்கள், நுரைத்தால் தூக்கிப் போடுங்கள். உரமோ பூச்சிமருந்தோ படாத தோட்ட மண்ணைச் சலித்து இரண்டு விரல் உயரத்துக்குப் போட்டு, மேலே கழுவிய ஆற்று மணலை அதே அளவு போடலாம். நன்றாகவே வளரும். அதில் பிறகு செடியைப் பிடுங்கி மாற்றி நடாதீர்கள், அடிமண் கிளம்பித் தண்ணீர் சேறாகும். அவ்வளவுதான்.

கேள்வி: வெளிநாட்டு வீடியோக்களில் வரும் 'கியூபா' செடிதான் வேண்டும். அதோடு பின்பக்கத்துக்கு வலிஸ்னேரியா, கபோம்பா. இவை மூன்றும் ட்ரை ஸ்டார்ட்டில் வருமா? அவிசாவளைப் பக்கம் ஒரு காட்டோடையில் சின்னச் சின்னச் செடிகள் கண்டேன், அவற்றையும் எடுத்து வரலாமா?
— வாசகர், கல்கிசை

பதில்: கபோம்பாவும் வலிஸ்னேரியாவும் தண்ணீர் தாங்கி நிற்பதை நம்பி வளர்ந்தவை. வெளியே வைத்தால் ஒரு நாளில் துவண்டு விழும். அவற்றைத் தொட்டி நிரம்பிய பிறகு நடுங்கள்.

கியூபா வரும். அழகாகவே வரும். ஆனால் எனக்கு அதில் ஒரு குறை. காற்றில் கொழிக்கும் அந்தச் செடி, தண்ணீருக்குள் போனதும் நல்ல லைட்டும் சிலிண்டர் காபனீரொட்சைட்டும் கேட்கும். இரண்டும் இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் பாய் பாயாகக் கழன்று மிதக்கும். மொன்டி கார்லோ அதே சாயல், கொஞ்சம் பெரிய இலை, பாதிப் பிடிவாதம். குட்டை ஹெயார் கிராஸும் இந்த முறைக்குப் பொருத்தம்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். உலகம் முழுக்கத் தொட்டிகளில் வளரும் கிரிப்டோகோரைன் செடிகளில் பல நம்முடையவை. வென்டியும் பெக்கெட்டியும் வேறெங்கும் இயற்கையாக முளைத்தவை அல்ல, இந்தத் தீவுக்கே உரியவை. சேம்புக் குடும்பம். பேராதனைத் தாவரவியல் பூங்காவை நடத்திய த்வெயிட்ஸின் பெயரை ஒரு கிரிப்டோகோரைனுக்கு 1857இலேயே வைத்துவிட்டார்கள். அவற்றிலேயே குள்ளமானது பார்வா, ஒரு விரல் உயரம் வந்தால் பெரிது. இதுவும் நம் நாட்டுச் செடிதான். தண்ணீருக்குள் நட்டால் ஆமை வேகம், மாதத்துக்கு ஓர் இலை வந்தால் அதிர்ஷ்டம் என்று பலர் கைவிடுகிறார்கள். வெளியே, ஈரக் காற்றில், அதே செடி சுறுசுறுப்பாகக் கிளை விடும். ட்ரை ஸ்டார்ட் இதற்காகவே கண்டுபிடித்தது போல இருக்கும். எட்டு வாரத்தில் தரை மூடாது, பொறுமை வேண்டும். ஆனால் நிரப்பிய பிறகு சிலிண்டர் கேட்காது, வெட்டி வெட்டிக் கொடுக்கவும் வேண்டாம். முன்பக்கத்துக்குப் பார்வா, நடுவில் வென்டி. கொழும்பில் செலவு பார்த்துத் தொட்டி வைப்பவருக்கு என் முதல் சிபாரிசு இதுதான். கிரிப்டோ ரசிகர்கள் கோபித்தாலும் பரவாயில்லை, பார்வாவின் இலை அப்படியொன்றும் அழகில்லைதான். கூட்டமாக நிற்கும்போது அழகு.

ஓடைச் செடியைத் தொடாதீர்கள். ஒதுக்குக் காட்டிலிருந்து செடி எடுப்பது குற்றம். அது ஒரு பக்கம். ஒரே ஓடையின் ஒரே வளைவில் மட்டும் வாழும் கிரிப்டோக்கள் இந்த நாட்டில் உண்டு. நீங்கள் பிடுங்கும் ஒரு கைப்பிடியில் அங்கே இருப்பதில் பெரும்பங்கு போய்விடலாம். ஏற்றுமதிக்கு வளர்க்கும் பண்ணைகள் இருக்கின்றன, அங்கே வளர்ந்ததைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஆறு வாரமாகிவிட்டது. மொன்டி கார்லோ தரையை மூடிவிட்டது. இனி எப்படி நிரப்புவது? சிலிண்டர் வாங்க வசதியில்லை. சீனியும் ஈஸ்ட்டும் போட்டு ஓட்டலாமா?
— வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: தரை மூடியது கண்ணுக்குத் தெரிகிறது, வேர் தெரியாது. ஒரு கொத்தைச் சாமணத்தால் மெல்ல இழுத்துப் பாருங்கள். மண்ணும் சேர்ந்து எழுந்தால் நிரப்பலாம். செடி மட்டும் வந்தால் இன்னும் இரண்டு வாரம். நிரப்பத்தான் எல்லோருக்கும் அவசரம். இந்த முறையில் தோற்பவர்கள் பெரும்பாலும் தோற்பது மூடியிருந்த வாரங்களில் அல்ல, நிரப்பிய பிறகு வரும் முதல் மாதத்தில்தான்.

நிரப்பும்போது ஒரு பிளாஸ்டிக் பையைச் செடிமேல் விரித்து, சின்னக் குழாயால் அதன்மேல் மெதுவாக விடுங்கள். வாளியால் ஊற்றினால் இத்தனை வாரப் பாடும் ஒரு நிமிடத்தில் கலங்கும். குளோரீன் நீக்கி பாவியுங்கள். முதலில் நிரப்பிய தண்ணீரை முழுவதும் இறக்கிவிட்டு மறுபடி நிரப்பினால் இன்னும் நல்லது, மண்ணில் சேர்ந்த அமோனியாவில் ஒரு பங்கு அதோடு போகும். முதல் வாரம் தினமும் பாதித் தண்ணீர் மாற்றுங்கள், இரண்டாம் வாரம் ஒன்றைவிட்டு ஒரு நாள், பிறகு வாரத்துக்கு இரண்டு தடவை. அலுப்பான வேலைதான், ஆனால் பாசியை அடக்க இதைவிட மலிவான மருந்து இல்லை.

லைட்டைப் பன்னிரண்டு மணித்தியாலத்திலிருந்து ஆறுக்கு இறக்குங்கள். இதைச் செய்ய யாருக்கும் மனம் வராது. நேற்று வரை காற்றில் வேண்டிய அளவு காபனீரொட்சைட்டு இருந்தது, அதற்கேற்ற வெளிச்சம் கொடுத்தோம். இன்று வாயு குறைந்துவிட்டது, வெளிச்சம் மட்டும் அப்படியே இருந்தால் அதைப் பாசிதான் பயன்படுத்தும்.

பழைய இலைகள் மஞ்சளாகும், கண்ணாடி போல வெளிறிக் கரையும். பயப்பட வேண்டாம். காற்றுக்காகச் செய்த இலையைக் கழற்றிவிட்டுச் செடி தண்ணீருக்கான இலை விடுகிறது. கரைந்ததை உறிஞ்சி எடுங்கள், வேரைத் தொடாதீர்கள். கிரிப்டோ நட்டவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். அது சில வேளை ஒரே வாரத்தில் முழுவதும் கரைந்து மொட்டையாகும். செத்துவிட்டது என்று பிடுங்கிப் போடுவார்கள். கிழங்கு உயிரோடு இருக்கும், மறுபடி துளிர்க்கும்.

சீனியும் ஈஸ்ட்டும் புளித்து வரும் காபனீரொட்சைட்டு விஷயம். நம் ஊர்ச் சூட்டில் அது முதல் சில நாள் பொங்கி வரும், பிறகு சட்டென்று ஓய்ந்துவிடும். ஒரு நாள் விருந்து, மறுநாள் பட்டினி என்றால் செடியைவிடப் பாசிக்கே வசதி. இரண்டு போத்தல் வைத்து வாரம் மாறி வாரம் புதுப்பித்தால் கிட்டத்தட்ட ஒரே அளவில் வரும். குழாயில் அடைக்கும் வால்வு போடாதீர்கள், அமுக்கம் ஏறிப் போத்தல் வெடிக்கும். மொன்டி கார்லோ இதில் தப்பிவிடும் என்று நினைக்கிறேன், அடர்த்தி கொஞ்சம் குறையும். கியூபா என்றால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

கேள்வி: இத்தனை வாரம் காத்திருந்தோம். தண்ணீர் விட்ட அன்றே மீன் விடலாமா? மகன் தினமும் கேட்கிறான்.
— வாசகி, பொரளை

பதில்: விடக்கூடாது. ஈர மண்ணில் நல்ல பற்றீரியா ஓரளவு குடியேறியிருக்கும், காய்ந்து கிடந்த பில்டரில் ஒன்றும் இருக்காது. மீனுக்கு நஞ்சான அமோனியாவும் நைத்திரைற்றும் பரிசோதனையில் பூச்சியம் காட்டும்வரை பொறுங்கள், மூன்று நாலு வாரம் ஆகலாம். மகனிடம் அந்தப் பரிசோதனைக் குழாயைக் கொடுத்து நிறம் பார்க்கச் சொல்லுங்கள், கேட்பது குறையும். முதல் மீனாகப் பண்ணையில் பெருக்கிய செர்ரி பார்ப் ஆறேழு விடலாம். களனி முதல் நில்வளா வரையான ஆற்றுப் படுகைகளின் சொந்த மீன் அது, நம் நாட்டு விலங்கியலாளர் தெரணியகல 1929இல் விவரித்தது. ஆண் மீன் பச்சைத் தரைக்கு மேலே சிவப்பாக நிற்கும்.

கேள்வி: நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போகிறோம். திரும்ப இரண்டு மூன்று வாரமாகும். வீட்டில் யாரும் இல்லை. இப்போது தொடங்கலாமா, வந்து தொடங்கலாமா?
— தம்பதியர், பாமன்கடை

பதில்: நட்ட மறுநாள் புறப்படுவதானால் வந்து தொடங்குங்கள். முதல் பத்து நாளில்தான் அழுகலும் பூஞ்சணமும் பெரும்பாலும் வரும், அப்போது கண் வேண்டும். இரண்டு வாரம் முன்பே நட்டு, புதுத் தளிர் வந்துவிட்டதென்றால் நிம்மதியாகப் போகலாம். தண்ணீர் நிரப்பிய தொட்டியை அப்படி விட்டுப் போக முடியாது, இதை முடியும். நீர்க்கோட்டைச் சரிபார்த்து, ஓரம் முழுக்க டேப் ஒட்டி மூடிவிடுங்கள். லைட்டை டைமரில் போட்டு எட்டு மணித்தியாலத்துக்குக் குறையுங்கள். முள் சுற்றும் பழைய டைமர் கரண்ட் போகும்போது நின்றுவிடும், வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். நாலைந்து தடவை போனால் லைட் நடுராத்திரியில் எரியத் தொடங்கும். செடிக்கு அதனால் ஒன்றும் ஆகாது, பக்கத்து வீட்டுக்காரரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள்.